பாஸ்போர்ட் இல்லாத நோயாளி

இடது கால் செருப்பு கழன்று விழுந்தது எனக்குத் தெரியவில்லை. ஆரணி கடைத்தெருவில் பத்தடி நடந்த பிறகு மகேஸ்வரிதான் பார்த்துச் சொன்னாள்.

"அக்கா, ஒத்தச் செருப்போட நடந்துகினு இருக்கீங்க."

குனிந்து பார்த்தேன். மதிய வெயிலில் காய்ந்த தார்ச்சாலை. வெறுங்காலோடு நிற்கிறேன். சூடு எங்கோ தூரத்தில், கனத்த துணிக்கு மேலே யாரோ தொட்டதுபோல இருந்தது. இருவரும் சிரித்தோம். அவள் ஓடிப்போய்ச் செருப்பை எடுத்து வந்தாள். மாட்டிக்கொள்ளக் காலைத் தூக்கியபோது கால் நான் சொன்ன அளவுக்கு உயரவில்லை.

நான் மலேசியக் குடிமகள். ஈப்போவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என் கடைசித் தங்கையின் கல்யாணப் பட்டு வாங்குவதற்காகத் தனியாக ஆரணிக்கு வந்திருந்தேன். மகேஸ்வரியின் கணவர் வேதாசலம் பட்டு நெசவுக்காரர், வியாபாரமும் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தீபாவளி விற்பனைக்கு ஈப்போ வந்தபோது எங்கள் வீட்டில் சாப்பிட்டவர். அந்தப் பழக்கத்தில்தான் அவர்கள் வீட்டு மாடி அறையில் தங்கியிருந்தேன். செல்போன் எல்லார் கைக்கும் வராத காலம். தெருவில் ஒரு மளிகைக்கடையில் போன் இருந்தது. வெளிநாட்டுக்குப் பேச வேண்டுமென்றால் பஸ் நிலையம் பக்கத்துப் பூத்துக்குப் போக வேண்டும்.

அதற்கு முந்தைய வாரம் எனக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு வந்து மூன்று நாளில் நின்றிருந்தது. அந்தக் களைப்புதான் என்று நினைத்தேன். மறுநாள் காலை கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. கைகளை ஊன்றி எழுந்து, சுவரைப் பிடித்துப் படிக்கட்டு வரை வந்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். விரல் நுனிகளில் எறும்பு ஊர்ந்தது. தண்ணீர் குடித்தால் கடைவாயில் வழிந்தது.

வேதாசலம் அழைத்து வந்தவர் டாக்டர் அப்பாண்டைராஜன். சேத்துப்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த சமணர். ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் வைத்தியம். ஐம்பது வயதிருக்கும், மெதுவாகப் பேசுவார். ரப்பர் சுத்தியலால் என் முழங்காலுக்குக் கீழே தட்டினார். யாருக்கும் அங்கே தட்டினால் கால் தானாக உதறும். எனக்கு ஓசை மட்டும் வந்தது. கணுக்கால், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் அப்படியே.

"ஒரு காரியம் பண்ணுங்கம்மா. நல்லா மூச்ச இழுத்து, ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுங்க. நடுவுல மூச்சு வாங்கக்கூடாது."

முப்பத்தொன்றில் நின்றேன். நல்ல உடம்புக்கு ஐம்பது வரை வரும் என்று பின்னால் தெரிந்தது. அவர் முகம் மாறியது.

"ஏன் டாக்டர்?"

"மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. வயித்துக்குள்ள வந்த கிருமிய அடிக்க உடம்பு ஒரு படையத் தயார் பண்ணுது. கிருமி போனப்புறமும் அந்தப் படை நிக்கல. ஆள் மாறி உங்க நரம்புமேல பாயுது. கரண்டு ஒயரு மேல ரப்பர் உறை இருக்குமே, அந்த மாதிரி நரம்பு மேல ஒரு உறை. அத உரிக்குது. கால்ல ஆரம்பிச்சு மேல ஏறும்."

"எது வரைக்கும்?"

"சில பேருக்கு இடுப்போட நின்னுடும். சில பேருக்கு நெஞ்சு வரைக்கும் வரும். மூச்சு விடற தசையும் நிக்கலாம். எங்க நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா சரியாகிற வியாதி. மூச்ச மட்டும் காப்பாத்திட்டா பாக்கியெல்லாம் திரும்பி வரும். கியான் பாரேன்னு பேரு." எழுந்துகொண்டார். "வேதாசலம், காரு கொண்டாங்க. ஜல்தி. வேலூருக்கு நானும் வரேன்."

காத்திருந்த நோயாளிகளிடம் நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கும் ரப்பர் பை ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் காரில் ஏறினார். அதைப் பார்த்தபோதுதான் முதல்முறையாகப் பயந்தேன். வேலூர் ஒரு மணி நேரம். அதற்குள் அது தேவைப்படலாம் என்று அவர் நினைக்கிறார்.

முன்னிருக்கையில் வேதாசலம். பின்னால் என் தலை மகேஸ்வரியின் மடியில். டாக்டர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். கண்ணமங்கலம் தாண்டியதும், "எண்ணுங்கம்மா" என்றார். இருபத்துநான்கு.

அப்போது மகேஸ்வரி கேட்டாள். "அக்கா, உங்க பாஸ்போர்ட்ட எங்க வச்சீங்க? எடுத்தாரவே மறந்துட்டேன்."

பாஸ்போர்ட் ஆரணியில் இல்லை. திரும்பிப் போகும் தேதியை மாற்றுவதற்காகச் சென்னையில் ஒரு பயண முகவரிடம் கொடுத்திருந்தேன். கையில் அதன் நகல்கூட இல்லை. என் விசா முடிய இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

டாக்டருக்குத் தெரிந்த நரம்பு நிபுணர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் வந்து பார்க்கும் தனியார் மருத்துவமனை வேலூரில் இருந்தது. முதலில் அங்கே போனோம். என்னைத் தள்ளுநாற்காலியில் வைத்து வரவேற்பு மேசைக்கு முன் நிறுத்தினார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் படிவத்தில் பெயர், வயது எழுதினார். ஊர் என்ற இடத்தில் ஈப்போ என்றதும் பேனாவை வைத்துவிட்டார்.

"ஃபாரினரா? பாஸ்போர்ட், விசா ரெண்டும் ஜெராக்ஸ் வேணுமே."

"சென்னையில இருக்கு. காலையில வந்துடும்" என்றார் வேதாசலம்.

"அப்ப காலையில அட்மிஷன் போட்டுக்கலாம். வெளிநாட்டுக்காரங்க தங்கினா போலீசுக்கு எழுதிக் குடுக்கணும் சார். பேப்பர் இல்லாம சேத்தா எங்களத்தான் கேப்பாங்க."

"காலையில வரைக்கும் இந்தம்மா மூச்சு தாங்காது. நான் டாக்டர் சொல்றேன்" என்றார் அப்பாண்டைராஜன். நான் அவரோடு இருந்த அத்தனை நேரத்தில் அவர் குரல் உயர்ந்தது அந்த ஒருமுறைதான்.

மேனேஜரைக் கேட்க வேண்டும் என்றார்கள். மேனேஜர் வெளியே போயிருந்தார். நிபுணரும் அன்று வரவில்லை. வாயில் ஊறிய எச்சிலை என்னால் விழுங்க முடியவில்லை. மகேஸ்வரி முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. எனக்காக மின்விசிறியைத் திருப்பி வைத்தார். ஆனால் படிவத்தை மட்டும் மறுபடி கையில் எடுக்கவே இல்லை. அரை மணி நேரத்துக்கு மேல் போயிருக்கும். "எண்ணுங்கம்மா" என்று டாக்டர் காதருகே சொன்னார். பத்தொன்பது.

"வாங்க வேதாசலம், போலாம். இங்க நின்னா வேலைக்காவாது" என்றார்.

அடுத்துப் போனது பெரிய மருத்துவமனை. அவசரப் பிரிவில் ஒரு இளம் பெண் மருத்துவர் என்னைப் பார்த்தாள். யார், எந்த ஊர் என்று எதுவும் கேட்கவில்லை. "ஒரே மூச்சுல எண்ணுங்க" என்றாள். பதின்மூன்று. முகத்தில் பிராணவாயு முகமூடி வந்து விழுந்தது. ஐந்தாறு பேர் சேர்ந்து கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். பாஸ்போர்ட் பற்றி மறுநாள்தான் கேட்டார்கள். சட்டம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். முதலில் சேர்த்துவிட்டுத் தகவல் கொடுத்தால் போதும்.

தொண்டைக்குள் குழாய் விட்டு மூச்சு இயந்திரத்தில் இணைக்கக் கையெழுத்து வேண்டியிருந்தது. "சொந்தக்காரங்க யாரு?" என்று கேட்ட மருத்துவரிடம் மகேஸ்வரி தயங்காமல், "நான் தங்கச்சி" என்றாள். படிவத்தில் உறவு என்ற இடத்திலும் அப்படியே எழுதினாள். மருந்து ஏறி என் கண் மூடுவதற்கு முன் பார்த்த கடைசிக் காட்சி, அவள் முழுப்பெயரையும் எழுத்துக்கூட்டி மெதுவாக எழுதிக்கொண்டிருந்ததுதான். வெளியே வராந்தாவில் டாக்டர் அப்பாண்டைராஜன் உட்கார்ந்திருந்தாராம். சமணர்கள் வீட்டில் பொழுது சாய்ந்தால் யாரும் உண்பதில்லை. வேதாசலம் வாங்கி வந்த இட்லிப் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மதியமும் சாப்பிடாத வயிற்றோடு கடைசி பஸ்ஸில் ஆரணிக்குப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கண் திறந்தபோது கண்ணைத் தவிர என்னிடம் எதுவும் அசையவில்லை.

இந்த நோயில் மூளைக்கு ஒன்றும் ஆவதில்லை. கேட்கிறது, தெரிகிறது, வலிக்கிறது. மூக்கு அரித்தால் அரிக்கிறது. கையைத்தான் கொண்டுபோக முடியாது. இயந்திரம் ஒரு மூச்சு தரும், நெஞ்சு ஏறும், இறங்கும். அடுத்தது வருமா என்று ஒவ்வொரு தடவையும் காத்திருப்பேன். குழாயில் சளி சேர்ந்தால் அபாய மணி அடிக்கும். நர்ஸ் பக்கத்துக் கட்டிலில் இருந்தால், அவர் அங்கிருந்து இங்கே வரும் எட்டு அடியையும் எண்ணிக்கொண்டிருப்பேன். ஒருமுறை கண் சிமிட்டினால் ஆமாம், இரண்டு முறை என்றால் இல்லை. அவ்வளவுதான் என் மொழி. முப்பது குழந்தைகளை ஒரு சத்தத்தில் அடக்குகிற ஆசிரியை நான்.

மகேஸ்வரியைக் காலையிலும் மாலையிலும் பத்து நிமிடம் உள்ளே விடுவார்கள். வந்ததும் என் மூக்கைத் துடைப்பாள், தலைமுடியை ஒதுக்குவாள். பிறகு செய்தி சொல்வாள். வெளியே என்ன நடக்கிறது என்பதெல்லாம் அவள் வாய்வழி வந்ததுதான்.

முதல் செய்தி என் கணவர் சேகரன் பற்றியது. இரவோடு இரவாகப் போன் போட்டுவிட்டார்களாம். ஆனால் அவர் இந்தியா வருவதற்கு விசா வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை. திங்களன்றுதான் அலுவலகம் திறக்கும். "நாலு நாளு ஆவும்ங்கறாரு அக்கா. அழுதாரு. நான் இருக்கறேன், நீங்க நிதானமா வாங்கன்னு சொன்னேன்."

இரண்டாவது செய்தியைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. தங்கை என்று எழுதியது பொய் என்று ஆபீசில் கண்டுபிடித்துவிட்டார்கள். "அவங்க மலேசியா, நீ ஆரணி, எப்படிமா தங்கச்சின்னு கேக்கறாங்க. போலீசுக்குச் சொல்லிடுவாங்களா அக்கா?" எனக்கு இரண்டு முறை சிமிட்ட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் உண்மையில் எனக்கே தெரியாது. கண்ணை மூடிக்கொண்டேன். அவள் பயந்துபோனாள்.

அதைத் தீர்த்து வைத்தது சென்னையில் இருந்த எங்கள் நாட்டுத் தூதரக அலுவலகம். வேதாசலம் பூத்திலிருந்து அழைத்தபோது ஒரு அம்மா பேசினாராம். எதைச் செய்ய முடியும், எதை முடியாது என்று முதலிலேயே பிரித்துச் சொல்லிவிட்டார். மருத்துவச் செலவை ஏற்க முடியாது. விதிகளை வளைக்க முடியாது. ஆனால் நான் யார் என்று மருத்துவமனைக்குக் கடிதம் தரலாம், விசா நீட்டிப்புக்கு எழுதித் தரலாம், குடும்பத்தோடு தொடர்பு ஏற்படுத்தலாம். அவர் சொன்னபடி சேகரன் ஈப்போவிலிருந்து ஒரு ஃபேக்ஸ் அனுப்பினார். தான் வந்து சேரும் வரை மனைவியின் சிகிச்சை குறித்து முடிவெடுக்கும் உரிமையை மகேஸ்வரிக்குத் தருகிறேன் என்று இரண்டே வரி. அதற்குப் பிறகு யாரும் அவளைக் கேள்வி கேட்கவில்லை.

வேதாசலத்தின் பாடு அவ்வளவு சுலபமாக முடியவில்லை. சென்னைக்குப் போய் முகவரிடமிருந்து பாஸ்போர்ட்டை வாங்கி வந்தார். அடுத்தது விசா. வேலூரில் வெளிநாட்டவர் விவகாரம் பார்க்கும் அலுவலகத்தில், தங்கியிருந்தது ஆரணி என்பதால் அந்த மாவட்டத்தில் கேளுங்கள் என்றார்கள். அந்த மாவட்டத்தில், இப்போது படுத்திருப்பது வேலூரில்தானே என்றார்கள். மறுபடி இங்கே வந்தால், ஆளை நேரில் அழைத்து வரச் சொன்னார்கள்.

"அவரு இன்னா சொன்னாரு தெரியுமா அக்கா? மிஷினோட கூட்டியாரட்டுமா சார், பிளக் பாயிண்ட் எங்க கீதுன்னு கேட்டுட்டாரு."

குழாய் இருந்த வாயால் சிரிக்க முடியாது. அபாய மணி அடித்தது. நர்ஸ் ஓடி வந்து மகேஸ்வரியைத் திட்டினார். விசா முடிவதற்கு முந்தைய நாள், மருத்துவர் சான்றும் தூதரகக் கடிதமும் பார்த்த பிறகு நீட்டித்துக் கொடுத்தார்கள்.

இதற்கிடையில் சிகிச்சை தொடங்க வேண்டியிருந்தது. ரத்தத்தில் சிவப்பணுக்கள் மிதக்கும் மஞ்சள் நீர் ஒன்று உண்டு, பிளாஸ்மா என்பார்கள். என் நரம்பைத் தாக்கும் படை அதில்தான் இருக்கிறது. ரத்தத்தை ஓர் இயந்திரத்துக்குள் விட்டு, அந்த மஞ்சள் நீரை மட்டும் பிரித்துக் கொட்டிவிட்டு, வேறொருவரின் பிளாஸ்மாவைச் சேர்த்துத் திருப்பி ஏற்றுவார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து முறை. அதற்கு ரத்த வங்கியிலிருந்து எடுப்பதை ஈடுகட்ட நோயாளியின் ஆட்கள் ரத்தம் கொடுக்க வேண்டும்.

"சொந்தக்காரங்க எத்தன பேரு இருக்காங்க?" என்று ரத்த வங்கியில் கேட்டார்கள். மகேஸ்வரி, "இந்த நாட்டுலயே யாரும் கெடையாது சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து தெரு மளிகைக்கடைக்குப் போன் செய்தாள். வேதாசலம் ஊரில் இல்லை. கடைக்காரரிடமே சொன்னாள். "அண்ணா, நம்ம வூட்ல தங்கி இருந்தாங்களே மலேசியாக்காரங்க, அவங்களுக்கு ரத்தம் வோணும். தறிக்காரங்ககிட்ட கேட்டுப் பாருங்க. இஷ்டம் இருக்கறவங்க வந்தா போதும்."

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே பதினோரு பேர் வந்து இறங்கினார்கள். அதில் மூன்று பேருக்குத்தான் என் முகம் தெரியும். தறியை நிறுத்தினால் அன்றைய கூலி இல்லாதவர்கள். மகேஸ்வரி என் காதருகே குனிந்து ஒவ்வொருவர் பெயராகச் சொன்னாள். என் கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவளே துடைத்தாள்.

முதல் இரண்டு முறை மாற்றிய பிறகும் எனக்கு எந்த வித்தியாசமும் இல்லை. இமைகூடக் கனத்தது. சிமிட்டுவதும் போய்விட்டால் என்ன ஆவது என்று கிடந்தேன். சேகரன் வந்து சேர்ந்த நாள் அதுதான். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று என் பெயரைச் சொன்னார். கோமதி, கோமதி என்று இரண்டு தரம். ஒருமுறை சிமிட்ட எனக்கு வெகுநேரம் ஆனது. அது வரை அவர் மூச்சுவிடாமல் நின்றார்.

நான்காவது முறைக்குப் பிறகு ஒருநாள் காலை, வலது தோளைத் தூக்க முயன்றேன். தினமும் முயல்வதுதான். போர்வை நகர்ந்தது. ஊசி போட வந்த நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு ஊசியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "இன்னொரு தரம் பண்ணுங்க" என்றார். பண்ணினேன். அவர் ஓடிப்போய் மருத்துவரை அழைத்து வந்தார். பன்னிரண்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். தொண்டை புண்ணாகியிருந்தது. குரல் காற்றாக வந்தது. மகேஸ்வரியிடம் நான் முதலில் கேட்டது, "வீட்டுக்குப் போனியா, இல்லையா?" என்றுதான்.

"போவல அக்கா. நீங்க எழுந்தப்புறம் போலாம்னு."

அதற்குப் பிறகு ஆறு வாரம் பிசியோதெரபிப் பிரிவில் இருந்தேன். உட்காரவும், கரண்டி பிடிக்கவும், இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிற்கவும் ஒரு குழந்தையைப்போலக் கற்றுக்கொண்டேன். தங்கை கல்யாணத்தைத் தள்ளிவைத்துவிட்டாள். செலவின் பெரும்பகுதியைச் சேகரன் வீட்டின்மேல் கடன் வாங்கிப் புரட்டினார். பயணக் காப்பீடு எடுக்காததற்கு அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. வெளிநாடு போகிறவர்களிடம் இப்போது நான் ஒன்று சொல்வதுண்டு. பாஸ்போர்ட்டின் நகல் ஒன்றும், உங்களுக்காக யார் கையெழுத்துப் போடலாம் என்று எழுதிய தாள் ஒன்றும் உங்கள் பையில் எப்போதும் இருக்கட்டும். நினைவோடு இருக்கும்போதே எழுதி வையுங்கள்.

ஊருக்குத் திரும்பும் முன், ஊன்றுகோலோடு ஆரணிக்குப் போனேன். ரத்தம் கொடுத்தவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். தறிச் சத்தம் நிற்கும், வெளியே வருவார்கள், கூச்சத்தோடு நிற்பார்கள். பதினோரு பெயரும் எனக்கு மனப்பாடம். பத்துப் பேரைப் பார்த்தாகிவிட்டது. மிச்சம் இருந்தவர் முருகேசன். இரண்டு முறை போயும் வீட்டில் இல்லை என்றார்கள்.

மூன்றாவது முறை போனபோது அவர் மனைவியே சொல்லிவிட்டாள். "உள்ளதான் இருக்காரு. வெளிய வர மாட்டேங்கறாரு. வெக்கப்படறாரு."

நான் வாசலிலேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஒல்லியான ஒரு மனிதர் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னிய நீங்க கும்புடறதுக்கு ஒண்ணுமில்லமா. நான் குடுக்கல. விரல்ல குத்திப் பாத்துட்டு, உனக்கே ரத்தம் கம்மி, போன்னு சொல்லிட்டாங்க. எல்லாரும் குடுத்தாங்கோ. நான் பிஸ்கட் மட்டும் துன்னுட்டு வந்தேன்."

"வந்தீங்களே, அண்ணே" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார், ஏற்றுக்கொள்ளாதவர்போல. பிறகு உள்ளே போய், மடித்து வைத்த ஒரு தாளை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். டாக்டர் அப்பாண்டைராஜன் எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு.

"அன்னிலேந்து டாக்டர்கிட்ட மாத்திர வாங்கித் துன்னுகினு இருக்கேன். போன வாரம் பாத்தாங்கோ. இப்ப ரத்தம் பன்னெண்டரை கீது. இப்ப எடுத்துப்பாங்க." முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இன்னும் வோணுமாம்மா?"